ஐந்தரை அடிச் சுவர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நான் நலம். நீயும் பட்டாணியும் சுகம்தானா என்று அறிய விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பட்டாணிக்குக் கட்டில் தருவதாகச் சொல்லிவிட்டு நான் பின்வாங்கிவிட்டதாக உன் அக்கா துணிக்கடையில் நாலு பேர் முன்னால் பேசியிருக்கிறாள். "தம்பி போனதோட அந்தம்மாவுக்குப் பாசமும் போயிடுச்சு" என்றாளாம். நான் பின்வாங்கவில்லை. அளவு தெரியாமல் கட்டில் செய்யச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. இந்தப் பத்தியை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டு.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். எதற்குச் சரி சொன்னாய் என்று வைத்த பிறகும் எனக்கு விளங்குவதில்லை. எழுத்தென்றால் திரும்பப் படிக்கலாம்.

குழந்தை கம்பித் தொட்டிலில் ஏறி விழுந்தாள் என்று கேட்டதும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டரை வயதில் கம்பி தாண்டும் பிள்ளையை இனித் தொட்டிலில் போடுவது முட்டாள்தனம். ஆகவே கட்டில். கடைகளில் மூன்று அளவு சொல்கிறார்கள். ஐந்தடிக்கு இரண்டரை, ஆறடிக்கு மூன்று, ஆறடிக்கு நாலு. முதலாவது பொம்மைக்கு. நமக்கு ஆறடிக்கு மூன்று. கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு அந்த அளவுதான் கொடுத்தார்கள். எட்டு வயதில் சேர்ந்தவள் பதினெட்டில் வெளியே வரும்போதும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பட்டாணி அவள் அப்பாவைப் போல் நெடுநெடுவென்று வளர்வாள். அவன் கதவு நிலையில் இடித்துக்கொள்ளாத வீடு கிடையாது.

சின்ன அறையில் ஜன்னல் பக்கச் சுவரை அளந்து எழுது. தச்சர் காத்திருக்கிறார்.

அத்தையின் முத்தத்தை நெற்றிக் காயத்தில் படாமல் கொடு.

இப்படிக்கு,
அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் படித்துக் காட்டவில்லை. காட்டினால் இன்னொரு கடைக்குப் போய்ப் பேசுவாள்.

காயம் ஆறிவிட்டது. விழுந்த நாளிலிருந்து பட்டாணி என்னோடு பெரிய கட்டிலில்தான் படுக்கிறாள். அவர் படுத்த பக்கத்தில். தலையணையைக் குறுக்கே வைத்து விழாமல் அணை கட்டியிருக்கிறேன். காலையில் பார்த்தால் அணைக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன், முழுக் கட்டிலும் அவளுடையதாக இருக்கிறது.

கட்டில் விஷயம். ஐந்தடிக்கு இரண்டரையே போதும் அக்கா. சுவரை அளந்தேன். ஐந்தரை அடிதான் இருக்கிறது. ஆறடி வைத்தால் கதவு திறக்காது. இப்போதைக்குச் சின்னதாகவே இருக்கட்டும்.

கண் மருத்துவமனையில் வேலை அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்வை சோதிக்கிற மாதம் இது. எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள். "கண்ணு நல்லா தெரியுதா?" என்று கேட்டால், "மிஸ், கண்ணை மூடிட்டே சொல்லட்டுமா?" என்கிறான் ஒருவன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மறவாத,
பட்டாணி அம்மா

*

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

முழங்கால் அதன் போக்கில் இருக்கிறது. உங்கள் நலம் அறிந்து நிம்மதி.

உன் அளவு தவறு. அந்த ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியவள் நான். பட்டாணி பிறப்பதற்கு முந்தின மாதம் ஸ்டூல் மேல் நின்று அந்தச் சுவரை மூலைக்கு மூலை அளந்தேன். தம்பி கீழே நின்று, "அக்கா, நீ விழுந்தா நான் பிடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று ஸ்டூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழே கால் அடி. ஐந்தரை அடி என்பது அந்த வீட்டில் எந்தச் சுவருக்கும் பொருந்தாது. குளியலறைச் சுவர்கூட ஆறு.

டேப் நுனியிலுள்ள தகரக் கொக்கி கழன்றிருந்தால் அளவு பிசகும். அலமாரியை நடுவில் நகர்த்தியிருந்தாலும் பிசகும். எது என்று பார்த்து எழுது.

தச்சரிடம் நீ சொன்ன அளவைச் சொன்னேன். "அஞ்சடிக்கு ரெண்டரையா? என்னம்மா, குழந்தைக்குக் கட்டிலா, பஸ் ஸ்டாண்டுக்கு பெஞ்சா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பட்டாணிக்கு என் அன்பு. தலையணை அணை போதாது, ஒரு நாற்காலியையும் சேர்த்துப் போடு.

இப்படிக்கு,
அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. பதில் தாமதித்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அளந்தேன். ஐந்தரை அடிதான் அக்கா. டேப் சரியாக இருக்கிறது.

பட்டாணி இப்போது எல்லாவற்றுக்கும் "நானே" என்கிறாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு "நானே" என்று நடக்கிறாள். திருத்தினால் கழற்றிவிட்டு முதலிலிருந்து தப்பாகப் போடுகிறாள். அவர் இருந்தால், "எங்க அக்கா மாதிரி" என்று சொல்லியிருப்பார். கோபிக்காதீர்கள்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
பட்டாணி அம்மா

*

மார்ச் 10

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து இளைத்திருக்கிறது.

கோபிக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டவன் அவள் அப்பா. நான் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. ஆனால் பிள்ளை என் பெயர் சொல்லித் திட்டு வாங்குகிறாள் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு கேள்வி கேட்கிறேன். பெரிய கட்டில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. பிள்ளை அங்கே சுகமாகத் தூங்குகிறாள். பிறகு எதற்கு அவசரப்பட்டு அவளை இறக்குகிறாய்? எங்கள் அம்மா போனபோது தம்பிக்கு நாலு வயது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஏழு வயதுவரை என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

தனிக் கட்டில்தான் வேண்டும் என்றால் ஆறடிக்கு நாலு செய்வோம். ராத்திரி அவள் அழுதால் பக்கத்தில் நீயும் படுக்கலாம். இதுதான் என் முடிவு. தச்சருக்கும் சொல்லிவிட்டேன். "நேத்து பெஞ்சு, இன்னைக்கு மைதானமா?" என்றார்.

இன்னொன்று. நீ இரண்டு முறை அளந்து இரண்டு முறையும் ஐந்தரை என்கிறாய். நீ கவனக்குறைவானவள் அல்ல. கண்ணாடிக்குக் கால் பவர்கூடப் பிசகாமல் எழுதிக் கொடுக்கிறவள். ஆகவே உன் அளவு சரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீ அளந்தது எந்த வீட்டுச் சுவர்?

இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். உன் நலம் எனக்குத் தெரியவில்லை. அதனால் விசாரிப்பு உண்மையானது.

போன கடிதம் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். தபாலில் அப்படி நடப்பதுண்டு. அதில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். திரும்பக் கேட்க மாட்டேன்.

பட்டாணிக்குப் பருத்திச் சட்டை இரண்டு அனுப்புகிறேன். கழுத்தில் தைத்த லேபிள் உறுத்தும், வெட்டிவிடு.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகள் வந்தன. நீலத்தைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். உங்கள் கடிதம் தொலையவில்லை. என் கைப்பையிலேயே இருக்கிறது. தினமும் மருத்துவமனைக்கு எடுத்துப் போய்த் தினமும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அது வேறு வீட்டுச் சுவர்தான் அக்கா.

எங்கள் மருத்துவமனையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். பட்டாணி அவரைக் "கண்ணாடி மாமா" என்பாள். என்னைவிட ஆறு வயது பெரியவர். கல்யாணம் ஆனதில்லை. அம்மாவோடு இருக்கிறார். போன வருஷம் செப்டம்பரில் கேட்டார். நான் மூன்று மாதம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. பிறகு சரி என்றேன்.

அவர் வீட்டில் இரண்டு அறை. ஒன்று அவர் அம்மாவுக்கு. எங்கள் அறையை ஒட்டிச் சாமான் போட்டு வைத்த சின்ன இடம் ஒன்று இருக்கிறது. அதைக் காலி செய்து பட்டாணிக்கு வெள்ளையடித்திருக்கிறார். அந்தச் சுவரைத்தான் அளந்தோம். "அஞ்சரைதாங்க இருக்கு. நடுச்சுவரை இடிச்சிடட்டுமா?" என்றார். வாடகை வீடு, இடிக்க முடியாது என்று அவர் அம்மாதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பட்டாணியை இப்போதே இறக்குவது ஏன் என்று கேட்டீர்கள். இந்த வீட்டில் இருக்கும்போதே அவள் தன் கட்டிலில் தூங்கப் பழகட்டும் என்று நினைத்தேன். அங்கே போன அன்று என் பக்கத்திலிருந்து தூக்கி வேறு இடத்தில் போட்டால், யாரோ வந்ததால் தன்னை இறக்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். சொல்லத் தெரியாது, ஆனால் தோன்றும்.

உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. உங்களிடம் சொல்லத்தான் ஐந்து மாதம் ஆயிற்று. உங்கள் தம்பியை உங்கள் கையிலிருந்துதான் நான் வாங்கினேன்.

கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?

பட்டாணி அம்மா

*

மே 12

இனி உன்னை எப்படி விளிப்பது என்று தெரியவில்லை. ஆகவே விளிக்காமல் தொடங்குகிறேன்.

மருந்து சாப்பிடுகிறேன்.

ஐந்தடிக்கு இரண்டரை அளவில் கட்டில் செய்யச் சொல்லிவிட்டேன். அந்தச் சுவருக்கு அது சரியாக இருக்கும்.

பெரிய கட்டிலை என்ன செய்வதாக உத்தேசம்? அதில் என் தம்பியின் பக்கம் யாருக்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இருந்தால் எழுது.

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. கோபத்தால் அல்ல. நீங்கள் கேட்டதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டிலை நான் விற்கவில்லை. அங்கே கொண்டு போகவும் இல்லை. அவருடைய பக்கத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அதை நான் சொல்லாமலே கண்ணாடிக்காரர் புரிந்துகொண்டார். பட்டாணி பெரியவளானதும் அவளுக்குச் சேர வேண்டியது. அதுவரை பிரித்துப் பலகைகளாக என் அக்கா வீட்டில் போட்டு வைக்கிறேன். உங்கள் முதல் கடிதத்தை இப்போதுதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "உன் நாத்தனார் என்னைத் திட்டினதுக்கு வாடகை கேக்கலாம்னு இருக்கேன்" என்கிறாள். ஆனால் சம்மதித்துவிட்டாள்.

தினம் ராத்திரி பட்டாணி, "அப்பா பக்கம்" என்று சொல்லித்தான் படுக்கிறாள். முகம் நினைவில்லை. ஒரு வயதில் என்ன நினைவிருக்கும்? அந்தப் பக்கத்தைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. தனிக் கட்டிலுக்குப் போனதும் அதுவும் போய்விடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். ஐந்து பேர்தான். உங்களை வரச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பட்டாணி அம்மா

*

ஜூலை 4

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

இப்படி விளிக்கலாம் என்று ஒருவழியாக முடிவு செய்தேன். இதை யாரும் மாற்ற முடியாது.

ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை. நீயும் குழந்தையும் சுகமாக இருங்கள். கண்ணாடிக்காரரின் அம்மாவும் சுகமாக இருக்கட்டும்.

கட்டில் நேற்று லாரியில் ஏறியது. ஐந்தடிக்கு இரண்டரை. மூலைகளை உருட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் கழற்றிப் போடுகிற தடுப்பு. உயரம் ஓரடிதான், விழுந்தாலும் அழுகை வருவதற்குள் எழுந்துவிடுவாள். கால் மரத்தில் ஒரு முடிச்சு இருந்தது, மாற்றச் சொன்னேன். "அம்மா, படுக்கப்போறவளுக்கு இது தெரியவா போகுது?" என்றார் தச்சர். எனக்குத் தெரியும் என்றேன். மாற்றினார்.

உன் போன கடிதத்துக்கு உடனே பதில் அனுப்பவில்லை. எழுதினேன். நாலு தடவை எழுதி நாலையும் கிழித்தேன். அவற்றில் இருந்தவை நீ படிக்க வேண்டியவை அல்ல.

நான் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போனபோது, வாசலில் என் கணவருடைய சித்தி, "பொண்ணு மட்டும்தானே பேசினோம், கூட ஒண்ணு வருது?" என்றார். என் கணவர் தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வாழ்ந்த காலம் முழுக்க அவனை "உன் தம்பி" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "பையன் சாப்டானா?" என்பார். "பையன் வந்தாச்சா?" என்பார். அவருக்கு அவன் ஒன்றுமே இல்லை, சட்டப்படியும் இல்லை, ரத்தத்தாலும் இல்லை. ஆகவே இன்னொருவர் பிள்ளைக்கு ஓர் ஆண் இடம் கொடுக்க மாட்டான் என்று நான் சொல்ல முடியாது. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சுவரை இடிக்கட்டுமா என்று கேட்டவரை என்னவென்று குறை சொல்வது? வாடகை வீடு என்பதை மறந்தது ஒன்றுதான்.

நீ செய்வது சரி. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. ஆனாலும் எழுதிவிட்டேன். உன் அக்காவுக்கு இதைத் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.

"அப்பா பக்கம்" என்று அவள் சொல்வதை நீ எழுதிய வரிக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். அவள் அதை மறப்பாள். மறக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஒரு மெத்தையின் பாதியைத் தகப்பனாக வைத்துக்கொண்டு வளர முடியாது. நான் மறக்க மாட்டேன். அந்த வேலைக்கு ஒருத்தி போதும்.

இப்போது என் விஷயம். ஆறடிக்கு நாலு என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, ராத்திரி நீ படுக்கலாம் என்று எழுதியிருந்தேன். நீ படுப்பதற்கு அல்ல. நான் வரும்போது அவள் பக்கத்தில் படுப்பதற்கு. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வருஷத்தில் இரண்டு தடவை வருவேன், பத்து நாள் இருப்பேன், அதற்கு ஓரடி அகலம் கூட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது அந்தக் கட்டிலில் எனக்கு இடம் இல்லை. அதனால் கேட்க வேண்டியதாகிறது.

அந்த வீட்டில் அவளுக்கு ஒரு தகப்பன் இருப்பார். ஒரு பாட்டி இருக்கிறார். அத்தை என்பது தகப்பன் வழியாக வருகிற உறவு. தகப்பன் மாறினால் பழைய அத்தை என்ன ஆகிறாள் என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. கண்ணாடிக்காரருக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் இனி அவர்கள்தான் முறைப்படி அத்தை. அதை நான் மறுக்கவில்லை. பட்டாணி என்னை வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

கையெழுத்துக்கு நான் வரவில்லை. அங்கே என்னைப் பார்த்தால் நீ அழுவாய், அது அவருக்கு மரியாதை இல்லை. அதற்குப் பிறகு, நீங்கள் வீட்டில் நிலைபெற்றதும், நான் குழந்தையைப் பார்க்க வரலாமா? தரையில் பாய் போட்டுப் படுப்பேன், முழங்காலைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அவர் அம்மாவிடமும் அவரிடமும் கேட்டுவிட்டே சொல். வரலாம் என்றால் வரலாம் என்றும், கூடாது என்றால் கூடாது என்றும், சுற்றி வளைக்காமல் எழுது.

உன் பதிலைக் கடிதமாகவே அனுப்பு.

இப்படிக்கு,
அக்கா